மருத்துவ, மரபணு ஆராய்ச்சிக்கு அரசு நிதி: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே குடும்பத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நோய் இருப்பதைப் பார்த்து, இதற்கு மரபணுக் காரணம் இருக்குமோ என்று யோசிக்கும் டாக்டர்கள் சென்னையில் நிறைய பேர் இருக்கிறார்கள். அதில் பெரும்பாலானோர், "நமக்கெல்லாம் யார் ஃபண்ட் தருவார்கள்" என்று அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள், மாணவர்கள், சிறு ஆய்வகம் நடத்துபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தொகை, வயது வரம்பு, கடைசித் தேதி எல்லாம் ஒவ்வொரு விண்ணப்ப அழைப்புக்கும் மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

மத்திய அரசில் யார் யார் நிதி தருகிறார்கள்? நான் யாரிடம் போவது?

முதல் பெயர் ஐசிஎம்ஆர். 1911-இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்று தொடங்கியது, 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆனது. நோயாளி, நோய், தடுப்பு, சிகிச்சை என்று உங்கள் கேள்வி இருந்தால் இங்கேதான் போக வேண்டும். அதற்கு மேலே இருக்கும் சுகாதார ஆராய்ச்சித் துறையும் தனியாகச் சில திட்டங்களில் நிதி தருகிறது.

அடுத்தது 1986-இல் தொடங்கிய உயிரித்தொழில்நுட்பத் துறை, எல்லோரும் டிபிடி என்று சொல்வது. மரபணு, செல், மூலக்கூறு என்று ஆய்வகத்தை நம்பி நிற்கும் வேலைக்கு இது பொருத்தம். டிபிடி 2012-இல் உருவாக்கிய பைராக், கண்டுபிடிப்பைப் பொருளாக மாற்ற நினைப்பவர்களுக்கானது. அடிப்படை அறிவியலுக்கு முன்பு செர்ப் என்ற அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இருந்தது. 2023-இல் வந்த சட்டப்படி அது இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் சேர்ந்துவிட்டது. ஏஎன்ஆர்எஃப் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

ஒரே கேள்வியை மூன்று இடத்துக்கும் அப்படியே அனுப்புகிறவர்கள் உண்டு. அது வேலைக்கு ஆகாது. "இதனால் நோயாளிக்கு என்ன" என்று ஐசிஎம்ஆர் குழு கேட்கும். "இதில் புதிய அறிவியல் என்ன" என்று ஏஎன்ஆர்எஃப் குழு கேட்கும். உங்களிடம் எந்தக் கேள்விக்கு வலுவான பதில் இருக்கிறதோ, அந்தக் கதவைத் தட்டுங்கள்.

எவ்வளவு தொகை வரை கேட்கலாம்?

ஐசிஎம்ஆரின் சிறு நல்கையில் (கிராண்ட்) 4 ஆண்டுகள் வரை, மொத்தம் 2 கோடி ரூபாய் வரை கேட்கலாம். பல மையங்கள் சேர்ந்து செய்யும் இடைநிலை நல்கையில் வரம்பு 8 கோடி. ஏஎன்ஆர்எஃப் தரும் பிரதமர் இளம் ஆய்வாளர் நல்கை 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் வரை. பைராக்கின் 'பிக்' எனப்படும் உயிரித்தொழில்நுட்பத் தொடக்க நல்கை 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை.

வரம்பு 2 கோடி என்பதற்காக 2 கோடி கேட்க வேண்டியதில்லை. மதிப்பீட்டுக் குழுவில் உட்காருபவர்களும் ஆய்வகம் நடத்துபவர்கள்தான். இருநூறு மாதிரிகளைப் படிக்கச் சொந்தமாக சீக்வென்சர் (மரபணு வரிசையைப் படிக்கும் கருவி) வேண்டும் என்று எழுதினால், வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாமே என்று உடனே கேட்பார்கள். வேலைக்கு என்ன தேவையோ அதைக் கேளுங்கள், ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி காரணம் எழுதுங்கள்.

டெல்லி, பெங்களூரு, ஐதராபாத்தில் இருப்பவர்களோடு நாம் போட்டி போட முடியுமா?

முடியும். அதற்கான சான்று சேத்துப்பட்டிலேயே இருக்கிறது.

1956-இல் ஐசிஎம்ஆர், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து ஐந்து ஆண்டுத் திட்டமாக ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. படுக்கைகள் குறைவு, நோயாளிகள் ஏராளம், வீடுகளோ நெருக்கமானவை. அன்றைய சென்னையின் நிலைமையிலிருந்தே எழுந்த கேள்வி அது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது, வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-இல் முடிவுகள் வந்தன. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை மாறியதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐந்து ஆண்டுக்கு என்று தொடங்கிய அந்தத் திட்டம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது.

இன்னொன்று, ஐசிஎம்ஆர் நிதியோடு சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்த 'இந்தியாப்' ஆய்வு. நாடு முழுவதும் 1,13,043 பேரைப் பரிசோதித்து, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று 2023-இல் சொன்னது அந்த ஆய்வுதான். பக்கத்தில் வேலூரையும் பாருங்கள். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்குக் கொடுத்த மரபணுச் சிகிச்சையின் முடிவை அங்குள்ள சிஎம்சி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அந்த வேலையில் டிபிடியின் நிதி உண்டு.

மூன்றிலும் ஒன்றைக் கவனிக்கலாம். கண்ணெதிரே இருந்த நோயாளிகளிடமிருந்து கேள்வி வந்தது. அப்புறம்தான் பணம் வந்தது.

மரபணு ஆராய்ச்சியில் சென்னைக்கு என்று தனியாக என்ன கேள்வி இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்வது தமிழ்நாட்டில் இன்னமும் பரவலாக உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்கள் அப்படிப்பட்ட குடும்பங்களில் அதிகம் தெரியும். அதற்கு மேல், சாதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் செய்து வந்ததால், உறவே இல்லாத இருவருக்குக்கூட ஒரே பழைய மரபணு மாற்றம் இருக்கலாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களில் எந்த மாற்றங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன என்று தெரிந்தால், அடுத்த குழந்தைக்கு முன்பே அந்தக் குடும்பத்துக்கு வழி சொல்லலாம். இந்த வேலையை சென்னையில் இருப்பவர்கள் செய்தால்தான் உண்டு.

செய்யத் தேவையில்லாததையும் சொல்லிவிடுகிறேன். "தமிழர்களின் மரபணு வரிசையைப் படிக்கப் போகிறோம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். டிபிடி நிதியில் நடந்த ஜீனோம் இந்தியா திட்டம் நாடு முழுக்கப் பல இனக்குழுக்களிலிருந்து 10,000 பேரின் முழு மரபணு வரிசையைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அந்தத் தரவு ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. முறைப்படி விண்ணப்பித்தால் ஆய்வுக்குப் பயன்படுத்தலாம். புற்றுநோய் என்றால் ஐஐடி மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு இருக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரிடமிருந்து தொடங்கியிருக்கிறார்கள். இவற்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, உங்கள் மருத்துவமனையில் மட்டுமே கிடைக்கும் நோய் விவரத்தோடு சேர்த்து ஒரு கேள்வி கேளுங்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த நோயாளிகளின் குறிப்பேடுதான் உங்களிடம் இருக்கும் சொத்து. பெரிய மையங்களுக்கு அது எளிதில் கிடைக்காது.

நான் தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. ஆனால் நிறுவனத்துக்குச் சில அடையாளங்கள் வேண்டும். டிஎஸ்ஐஆர் எனப்படும் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தரும் 'சைரோ' அங்கீகாரம் முக்கியமானது. அறக்கட்டளை என்றால் தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவும் கேட்பார்கள். இரண்டையும் அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் கடைசித் தேதி தாண்டிவிடும். இது நிர்வாகத்தின் வேலை என்று விட்டுவிடாமல், இப்போதே மேலே எழுதிக் கேளுங்கள்.

எம்பிபிஎஸ் படிக்கிறேன். எனக்கு ஏதாவது உண்டா?

ஐசிஎம்ஆரின் எஸ்டிஎஸ் எனப்படும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் உங்களுக்கானது. ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் இரண்டு மாத ஆய்வு. அறிக்கை ஏற்கப்பட்டால் உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். தொகையைவிட, ஒரு கேள்வியை எழுதி, ஆய்வில் சேருபவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் முன் நின்று, முடிவு வரை கொண்டுபோன அனுபவம் பெரியது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் மாணவர் திட்டங்களுக்குச் சிறு தொகை தருகிறது.

மேற்படிப்பு மாணவர்களுக்கு ஒரு யோசனை. அயப்பாக்கத்தில் உள்ள ஐசிஎம்ஆர் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை மருத்துவ ஆராய்ச்சிப் படிப்பை எப்படியும் முடித்தாக வேண்டும். அதைச் சடங்காக முடிக்காமல், மாதிரி எண்ணிக்கை (ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது) பற்றிய பாடங்களையாவது இரண்டு முறை கேளுங்கள். புரொபோசல்கள் பல இடறி விழுவது அங்கேதான். அரசு மருத்துவக் கல்லூரியில் இருப்பவர்கள், சுகாதார ஆராய்ச்சித் துறை நிதியில் இயங்கும் பல்துறை ஆய்வுப் பிரிவு தங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. கருவிகள் அங்கேயே கிடைத்தால் பட்ஜெட் பாதியாகக் குறையும்.

பிஎச்டி முடித்துவிட்டேன், நிரந்தர வேலை இல்லை. பிஐ (முதன்மை ஆய்வாளர்) ஆக முடியுமா?

பெரும்பாலான நல்கைகளில் முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். பிரதமர் இளம் ஆய்வாளர் நல்கைக்கும் அப்படித்தான், அதோடு 42 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. வேலை இல்லாதவர்களுக்கு ஃபெலோஷிப், அதாவது ஆய்வு உதவித்தொகைதான் வழி. ஏஎன்ஆர்எஃப்பின் தேசிய போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய) ஃபெலோஷிப், டிபிடியின் எம்.கே. பான் இளம் ஆய்வாளர் ஃபெலோஷிப், வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கு ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப். மரபணு ஆய்வில் ஆர்வமுள்ளவர்கள் டிபிடி, வெல்கம் அறக்கட்டளை சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸையும் பாருங்கள்.

குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண்களுக்கு என்றே டிபிடியின் பயோகேர், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்கள் இருக்கின்றன. வயது வரம்பில் பெண்களுக்குத் தளர்வும் பல இடங்களில் உண்டு. "இடைவெளி விழுந்துவிட்டது, இனி யார் எடுப்பார்கள்" என்று கேட்கும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த இடைவெளிதான் இந்தத் திட்டங்களுக்குத் தகுதி. கூச்சப்படாமல் அதை விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

ப்ராஜெக்டில் சேருகிறவர்களுக்கு: 2023 முதல் ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் எனப்படும் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. சென்னை எக்ஸ் வகை நகரம் என்பதால் வாடகைப்படியில் உயர்ந்த விகிதம் இங்கே பொருந்தும். பட்ஜெட் போடும் பிஐக்கள் அதைக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள். வேளச்சேரியில் வாடகை கொடுத்துக்கொண்டு மாதிரி சேகரிக்க அலைகிற பிள்ளைகளின் பணம் அது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி எப்போது வாங்க வேண்டும்? மரபணு ஆய்வில் என்ன கூடுதல்?

பணம் வெளியே வரும் முன் அனுமதி கையில் இருக்க வேண்டும். சில அழைப்புகளில் விண்ணப்பத்தோடே கேட்பார்கள். உங்கள் நிறுவனத்தின் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். 2019-இன் புதிய மருந்து விதிகளுக்குப் பிறகு அது கட்டாயம். மருந்துப் பரிசோதனை என்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான குழு வேண்டும், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். மரபணு மாற்றம் செய்த உயிரிகளைக் கையாளுவதாக இருந்தால் உயிரிப் பாதுகாப்புக் குழுவும் பார்க்க வேண்டும். கருவில் இருக்கும் குழந்தையின் மரபணுவைத் தொடும் எந்த வேலையும் 1994-இன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்துக்குள் வரும்.

இவை எல்லாம் காகிதம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஒப்புதல் படிவம். ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் மரபணு ஆய்வுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கின்றன. மாதிரியை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், வேறு ஆய்வுக்குக் கொடுப்பீர்களா, முடிவை நோயாளியிடம் சொல்வீர்களா, எதிர்பாராத வேறு நோய் தெரியவந்தால் என்ன செய்வீர்கள், அவர் விலக நினைத்தால் மாதிரி என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இங்கே வழக்கத்தில் நடப்பது, ஆங்கிலப் படிவத்தை யாரிடமோ கொடுத்துத் தமிழாக்கி வாங்குவது. அந்தத் தமிழை எழுதியவருக்கே புரியாது. வியாசர்பாடியில் இருந்து கைக்குழந்தையோடு வரும் ஒரு தாய்க்கு எப்படிப் புரியும்?

இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் ரத்தத்தில் இருந்து உங்கள் உடலின் பரம்பரைக் குறிப்பைப் படிப்போம். அதில் உங்கள் அண்ணன், தங்கை, பிள்ளைகள் பற்றியும் தெரியவரலாம். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் சொல்ல மாட்டோம். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் உங்கள் சிகிச்சை மாறாது." எழுதியதை வெளிநோயாளிப் பிரிவில் இருக்கும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள், அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். மரபணு ஆலோசகருக்கு பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். ஒரு பெண்ணின் மரபணுவில்தான் குறை என்று தெரிந்ததும் பழி முழுக்க அவள் மேல் விழும் வீடுகள் நம் ஊரில் உண்டு. முடிவை யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை முன்பே முடிவு செய்யாமல் மாதிரி எடுக்கக் கூடாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்யலாமா?

செய்யலாம். சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி வேண்டும், அது ஐசிஎம்ஆர் வழியாகப் போகும். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்ட விதிகளும் உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் 2025 மே மாதம் தன் வெளிநாட்டுத் துணை நல்கை (நல்கையின் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கூட்டாளிக்குத் தருவது) முறையை மாற்றப்போவதாக அறிவித்து, பழைய முறையில் புதிதாகக் கொடுப்பதை நிறுத்தியது. அந்த ஒரு வழியை மட்டும் நம்பி ஆய்வகம் நடத்துவது இனி சரிவராது.

நான் ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறேன். எது நல்கை, எது கடன்?

பைராக்கின் பிக் நல்கை திருப்பித் தர வேண்டாத பணம். தரமணி டைசல் பயோபார்க் பக்கம் சுற்றுகிற இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டியது அது. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் 10 லட்சம் ரூபாய் அளவிலான தொடக்க நிதி, ஈடாக நிறுவனத்தில் சிறு பங்கு எடுத்துக்கொள்ளும். மத்திய அரசு 2025-இல் அறிவித்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதி நீண்டகாலக் கடன், பங்கு முதலீடு என்ற வகையில் தனியார் துறைக்கு வருவது. அதை நல்கை என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

பணம் வந்த பிறகு என்ன சிக்கல் வரும்?

யூசி. பயன்பாட்டுச் சான்றிதழ் என்று முழுப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, யூசி என்றால் எல்லா கணக்குப் பிரிவுக்கும் தெரியும். மார்ச் 31-க்குள் செலவு செய்த கணக்கை 12-ஏ படிவத்தில் அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். யூசி தாமதமாகி, அடுத்த தவணை வராமல், ஜேஆர்எஃப் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை செய்வது நடக்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். ப்ராஜெக்ட் தொடங்கும் நாளிலேயே கணக்குப் பிரிவில் ஒருவரைப் பொறுப்பாகக் கேட்டு வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பில்களைச் சரிபாருங்கள்.

இரண்டு நல்ல செய்திகளும் உண்டு. அரசு நிறுவனங்களும் வருமான வரிச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனங்களும் பெறும் ஆராய்ச்சி நல்கைகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024-இல் முடிவானது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களில் கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பை 2025 ஜூனில் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பை 25 லட்சமாகவும் உயர்த்தினார்கள். ஒரு ரீஏஜென்ட் (சோதனைக்கான ரசாயனம்) வாங்க மாதங்கள் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நல்கை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் கமிஷன் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். மதிப்பீடு குழு வழியாக நடப்பது. விண்ணப்பம் நிறுவனத்தின் பெயரில், அரசின் இணையதளத்தில் நேரடியாகப் போவது. இடையில் ஆளுக்கு வேலையே இல்லை. எழுத உதவி வேண்டுமென்றால் ஏற்கெனவே நல்கை வாங்கிய ஒரு மூத்த ஆசிரியரிடம் போய் அவருடைய புரொபோசலைக் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.

நிராகரித்துவிட்டார்கள். மறுபடி அனுப்பலாமா?

அனுப்பலாம், அனுப்ப வேண்டும். குழுவின் கருத்துகள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் பதிலை எழுதுங்கள். மாதிரி எண்ணிக்கை போதாது என்றால் புள்ளியியல் தெரிந்த ஒருவரை இணை ஆய்வாளராகச் சேருங்கள். முன்னோட்டத் தரவு இல்லை என்றால், கல்லூரி தரும் சிறு தொகையிலோ மாநில மன்றத்தின் தொகையிலோ இருபது நோயாளிகளிடம் அதைச் செய்து பாருங்கள். கேள்வி அந்த நிறுவனத்தின் முன்னுரிமைக்குள் வரவில்லை என்று எழுதியிருந்தால் மட்டும் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், கதவை மாற்றுங்கள். ஐசிஎம்ஆர் வேண்டாம் என்ற அடிப்படை அறிவியல் கேள்வி ஏஎன்ஆர்எஃப்புக்குச் சரியாகப் பொருந்தலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காலாவதி உண்டு. மறுபடி அனுப்பும் முன் அந்தத் தேதியைப் பார்த்து, தேவையென்றால் நீட்டிப்புக்கு எழுதிவிடுங்கள்.